உட்காராத வீட்டுக்காரர்

கவ்ரிலோவிடம் ஐம்பது கேட்டால் பத்துதான் கிடைக்கும். எங்கள் தானிய ஆய்வு நிலையத்தில் இது வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். நான் சொல்வது சர்வரில் டிஸ்க் இடத்தை. மண் ஆய்வுக்காரர்கள் ஐம்பது ஜிபி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் காகிதத்தை ஏதோ கோர்ட் சம்மன் வந்தது போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஐம்பதா? எதுக்கு, உங்க மண்ணை அப்படியே உள்ள கொட்டப் போறீங்களா?"

பத்து கொடுப்பார். இரண்டு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்தால் இன்னொரு ஐந்து. அதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்.

என் பெயர் தெசாங்கா. பதிமூன்று வருஷமாக அவருக்குப் பக்கத்து மேசை. அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர், அப்புறம் ஒரு காபி அடுப்பு. அந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மனிதரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் பதினான்கு சர்வர்கள் குடியிருக்கின்றன. கையால் தொட முடியாதவை, ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்குகளை எல்லாம் ஒரே நிலமாகச் சேர்த்து, அதைத் துண்டு துண்டாக இந்தப் பதினான்குக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அந்தத் துண்டுக்கு வால்யூம் என்று பெயர். ஒரு வால்யூமைப் பெரிதாக்குவது சுலபம். எல்லைக்கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டால் போதும், உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. சின்னதாக்குவதுதான் தலைவலி. மெஷினை நிறுத்த வேண்டும். பரவிக் கிடக்கும் கோப்புகளை முதலில் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடலாம். வரிசை மாறினால் கல் நேராகக் கோப்புகளின் நடு மண்டையில் இறங்கும்.

"குடுத்துட்டுத் திரும்ப வாங்குற பாடு இருக்கே தெசா, அதுக்குப் பேசாம கெட்ட பேரே வாங்கிக்கலாம்" என்பார்.

அவர் ரயில் பாதை பார்ப்பவரின் மகன். நிலையத்தில் சேர்ந்தது தானியம் உலர்த்தும் எந்திரங்களுக்கு எலெக்ட்ரீஷியனாக. தொண்ணூறுகளின் கடைசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று தள்ளிய கணினிகள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கின. யாருக்கும் அவற்றைத் தொடத் தைரியமில்லை. ஒயர் சம்பந்தப்பட்டது எல்லாம் கவ்ரிலோ வேலைதானே என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு கையில் ஜெர்மன் அகராதி, மறு கையில் திருப்புளி. அப்படித்தான் அவர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். முதல் சர்வரில் மொத்த நிலையத்துக்கும் சேர்த்து நாலே நாலு ஜிபி. அதை வைத்து ஆறு வருஷம் ஓட்டியவர், பின்னே எப்படி இருப்பார்?

ஆனால் அதே மனிதரை நவம்பர் பதினாறாம் தேதி அவர் வீட்டில் பார்க்க வேண்டும்.

அன்று அவர்கள் குடும்பத்துப் புனிதரின் நாள், ஸ்லாவா. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவிருப்பவர்கள் வருவார்கள். கவ்ரிலோ வீட்டு ஸ்லாவாவை எங்கள் நிலையத்தில் மறந்தவர் ஒருவரும் கிடையாது. மதியம் ஒரு மணிக்கு மேல் அன்று அலுவலகத்துக்கு போன் செய்தால் எடுக்க ஆளிருக்காது. சூப், முட்டைகோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுற்றிய சர்மா, வறுத்த பன்றி, ஏழெட்டு வகைக் கேக். 'போதும்' என்று தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால், விரல் இடுக்கு வழியாக வைத்துவிட்டுப் போவார். மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து கடைசி விருந்தாளி செருப்பு மாட்டும் வரை அவர் மட்டும் உட்கார மாட்டார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. இப்போதெல்லாம் பல வீடுகளில் அதை யாரும் பார்ப்பதில்லை, இவர் பார்ப்பார். 1993-ல் அப்பா இறந்து, ஸ்லாவா இவர் கைக்கு வந்த முதல் வருஷம், போர்க் காலம், ஊரில் மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்படியும் பதினேழு பேர் வந்துவிட்டார்களாம். பரிமாற ஒன்றுமில்லாமல் தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை நின்றாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி நெவென்கா.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்லாவாவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முதல் நாள் டைரக்டர் திராகோமிர் எங்கள் அறைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள், வயல்களுக்கு மேலே பறந்து எடுத்த டிரோன் படங்கள் எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிக் காட்ட வேண்டும், இருநூறு ஜிபி வேண்டும் என்றார்.

"இல்ல" என்றார் கவ்ரிலோ.

"எப்போ கேட்டாலும் இல்லதான் உங்களுக்கு!"

"நாளைக்கு எனக்கு ஸ்லாவா. வெள்ளிக்கிழமை காலைல வர்றேன், பார்க்கலாம். சரி, சர்மா ஞாபகம் இருக்குல்ல?"

"அதுக்கு வராம இருப்பேனா" என்று டைரக்டர் முறைத்தபடியே சொன்னார்.

கவ்ரிலோ பன்றி வாங்கக் கிளம்பிப் போனதும் டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "தெசாங்கா, இது உங்களால முடியாதா?"

இந்த ஒரு கேள்விதான். அதில் நான் விழுந்தேன். பதினோரு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவர் 'இல்லை' சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. "ஏன் முடியாது" என்றேன்.

மறுநாள் காலை பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். காலி இடம்: பூஜ்யம். எங்கள் சர்வரில் அது எப்போதும் பூஜ்யம்தான். பெரிய துண்டுகள் இரண்டு. ஒன்று முந்நூறு ஜிபி, அதன் பெயர் 'பழைய பேக்கப் 2009, தொடாதே'. அப்படிப் பெயர் வைத்த ஒன்றைப் புத்தியுள்ள யாரும் தொட மாட்டார்கள், நானும் தொடவில்லை. இன்னொன்று அறுநூறு. அது டாக்டர் விதோசாவாவின் கோதுமை. அதில் பாதிதான் நிறைந்திருந்தது. இருநூறைக் கழித்தாலும் மீதம் தாராளமாக இருக்கும்.

விதோசாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது பருவமாக ஒரே ஒரு கோதுமை ரகத்தை வளர்த்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு பாத்தியின் படம், ஒவ்வொரு கதிரின் நீளம், மணி எண்ணிக்கை, எல்லாம் அவரே குனிந்து அளந்தது. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறவிருந்தார். அந்த ரகத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், ஒன்பது வருஷ விவரத்தையும் வரும் திங்கட்கிழமை குழுவிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அது பெயரில்லாத கோதுமை, கோழிக்குப் போடலாம்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆகஸ்ட் வரை. ஆகஸ்டில் பேக்கப் டிஸ்க் நிறைந்து வழிந்தபோது, இருப்பதிலேயே பெரியது என்று அவருடையதை நான்தான் பட்டியலிலிருந்து எடுத்தேன். அடுத்த வாரம் திரும்பச் சேர்க்கலாம் என்று. அந்த அடுத்த வாரம் அதுவரை வரவில்லை. அறுவடைக்குப் பிறகு அவர் மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்பது வருஷத்தையும் திருத்தி, சரிபார்த்து, ஒழுங்கு செய்தது எதற்கும் நகல் கிடையாது.

நான் அவசரக்காரி இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. முதலில் சோதனை மெஷினில் அதே மாதிரி ஒரு வால்யூமை உண்டாக்கி ஒத்திகை பார்த்தேன். அழகாக வந்தது. பிறகு நிஜ சர்வரைத் திறந்தேன். திரையில் இரண்டு ஜன்னல்கள். இரண்டும் கருப்பு, இரண்டிலும் அதே வெள்ளை எழுத்து. கோதுமை மெஷினை நிறுத்தினேன். கோப்புகளை ஒதுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன், அது ஓடி முடிந்தது. அப்புறம் எல்லைக்கல்லை இருநூறு உள்ளே தள்ளச் சொன்னேன். 'இது உங்கள் தரவை அழிக்கக்கூடும், செய்யவா?' என்று கேட்டது. அது எப்போதும் அப்படித்தான் கேட்கும், எல்லாம் சரியாகச் செய்தாலும் கேட்கும். செய் என்று அழுத்தினேன்.

கோதுமை மெஷின் திரும்ப எழுந்திருக்கவில்லை.

கோப்புகளை ஒதுக்கச் சொன்னது ஒத்திகை ஜன்னலில். கல்லைத் தள்ளியது நிஜ ஜன்னலில். ஒத்திகையே பார்க்காதவளாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அந்த ஒதுக்காத கோப்புகளின் நடுவில் இப்போது கல் நிற்கிறது. 'கணக்கு பொருந்தவில்லை, சரிசெய்யட்டுமா?' என்று மெஷின் கேட்டது.  'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கவ்ரிலோவுக்கு போன் போட்டேன். ஸ்லாவா அன்று அந்த போன் கிடைக்குமா? தங்கை, தம்பி, ஜெர்மனியில் இருக்கும் மச்சான், எல்லோரும் வாழ்த்துச் சொல்லும் நாள். இருபது தடவைக்கு மேல் போட்டேன், வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே வந்தது. மணி ஒன்றானது. தாழ்வாரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுவது கேட்டது. நானும் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

வீடு நிறைந்திருந்தது. வாசலிலேயே சிலுவைக் குறி போட்டு, வருகிறவர்கள் முதலில் ருசிக்க வைத்திருக்கும் தட்டிலிருந்து, சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். அது வருஷா வருஷம் விதோசாவாவின் வயலிலிருந்து வருவது. 

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே."

"வா வா, தெசா! ஏன் முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? எதிர்க் காத்தா? நெவென்கா, இவளுக்கு சூப் ஊத்து!"

"கவ்ரா, ஒரு நிமிஷம் தனியா..."

"மொதல்ல சூப். அப்புறம் எல்லாம்" என்று சொல்லி, பெரிய தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"தெசா, இங்க வா!" விதோசாவா நகர்ந்து இடம் கொடுத்தார். "உனக்காகத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் போனா திராகோமிர் தன் முதுகு வலியப் பத்தி ஆரம்பிச்சிடுவாரு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தட்டில் ரொட்டி எடுத்து வைத்தார். காலையில் மெஷின் நின்றிருந்ததே, ஏதாவது வேலையா என்று கேட்டார். ஆமாம், பராமரிப்பு என்றேன். பொய். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சூப்பில் பாதியில் இருக்கும்போதுதான் எனக்குக் காவல்காரன் ஞாபகம் வந்தான். ஆள் இல்லை, சின்ன நிரல். நாலு வருஷத்துக்கு முன் கவ்ரிலோவும் நானும் சேர்ந்து எழுதியது. டிரோன் படங்களின் வால்யூம் தொண்ணூறு சதவீதம் நிறைந்தால், பொது நிலத்தில் காலி இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இருபது ஜிபியைத் தானாகவே எடுத்து அதில் சேர்த்துவிடும். காலி இடம் எப்போதும் பூஜ்யம் என்பதால் அதற்கு இதுவரை ஒரு வேலையும் வந்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டேன். இப்போது இருநூறு ஜிபி காலி. அதை வெட்டிக் கொடுத்ததே நான்தான். எல்லைக்கல் நகர்ந்தாலும் அந்த மண்ணில் விதோசாவாவின் பயிர் அப்படியே நிற்கிறது, பக்கத்து வயல்காரன் வந்து உழுகிற வரைக்கும். யாராவது ஒருவர் படங்களை ஏற்றினால் போதும், காவல்காரன் விழித்துக்கொள்வான், உழ ஆரம்பித்துவிடுவான்.

கரண்டியை வைத்துவிட்டு மேசையைச் சுற்றித் தலைகளை எண்ணினேன். படம் ஏற்றுகிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் எதிரிலேயே பன்றித் தோலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இலியா இல்லை.

"இலியா எங்க?" என்றேன்.

"இன்னும் ஆபீஸ்ல. நேத்து எடுத்த படம் நிறைய இருக்காம்" என்றான் ஒருவன், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் டைரக்டர் ராக்கியா என்ற பழச் சாராயக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "தெசாங்கா, நம்ம வேலை முடிஞ்சுதா?"

"அது... வெட்டியாச்சு, ஆனா..."

"கேட்டீங்களா! கவ்ரா, உங்க ஸ்லாவாவுக்கு வாழ்த்து, அதோட உங்க ஆளுக்கும் வாழ்த்து! நீங்க இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே, இந்தப் பொண்ணு ஒரே காலைல இருநூறு எடுத்துக் குடுத்துட்டா!"

எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். விதோசாவா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். கவ்ரிலோ மட்டும் சர்மா சட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"எதுலேர்ந்து?" என்றார்.

 என் கண் தானாகப் பக்கத்தில் இருந்த விதோசாவாவிடம் போயிற்று. கவ்ரிலோ அதைப் பார்த்துவிட்டார்.

"தெசா" என்றார், மிகச் சாதாரணமாக. "உள்ள வா. ஊறுகாய் ஜாடி மேல் தட்டுல இருக்கு, எனக்கு எட்டல."

என்னைவிட அவர் ஒரு முழம் உயரம். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சமையலறைக்குப் பின்னால் சரக்கு அறை. பெரிய ஃப்ரீசர் பெட்டி, அதன் மேல் கேக் தட்டுகள், கீழே உருளைக்கிழங்குக் கூடை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"சரிசெய்யட்டுமான்னு கேட்டுச்சுல்ல? என்ன அழுத்துன?"

"வேணாம்னு."

"நெஜமா?"

"நெஜமா. அப்புறம் எதையும் தொடல."

"நல்ல வேளை. சரின்னு அழுத்தியிருந்தா, பாதிக் கோதுமையை அதுவே கிழிச்சுப் போட்டிருக்கும்." உள்ளறையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து, ஒரு வால்நட் கேக்கை ஓரம் தள்ளி, ஃப்ரீசர் மேல் வைத்தார். நின்றபடியே திறந்தார். நான் உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்க்கப் போனேன், அவர் உட்காருவதற்கு.

"வேணாம்" என்றார்.

"கவ்ரா, அந்தக் காவல்காரன்..."

"தெரியும். அதத்தான் பார்க்கறேன்."

இணைப்புக் கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். டிரோன் வால்யூம் எண்பத்தொன்பது சதவீதம் என்று காட்டியது. காவல்காரன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். கவ்ரிலோ அவனை நிறுத்தினார். அப்போது கதவைத் திறந்துகொண்டு நெவென்கா வந்தார்.

"கேக் எங்கன்னு தேடறேன்... ஐயோ! ஸ்லாவா அன்னிக்கு லேப்டாப்பா? உன் அப்பா இருந்திருந்தா அதை அடுப்புல போட்டிருப்பாரு!"

"அஞ்சு நிமிஷம் குடு."

"அங்க முப்பத்தி ரெண்டு பேரு! உன் இலியாவும் இப்பத்தான் வந்து நிக்கறான், கேமராவும் கையுமா."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். இலியா காலணியைக் கழற்றிக்கொண்டே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஏத்திட்டே வந்துடலாம்னு உக்காந்தேன். அப்புறம் யோசிச்சேன், படம் நாளைக்கும் இருக்கும், கவ்ரா அண்ணன் வீட்டு சர்மா இருக்குமா?" அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. மற்ற நாளாக இருந்தால் இந்த நேரத்துக்கு மூன்று பேரும் படங்களை ஏற்றி முடித்திருப்பார்கள். அந்த மூன்று பேரையும் இந்த வீட்டில் உட்கார வைத்துத் தட்டைக் காலி பண்ண விடாமல் பார்த்துக்கொண்டது, வருஷம் முழுக்க அவர்களுக்கு இடம் கொடுக்க மறுக்கிற இந்த மனிதர்தான்.

நாம் எல்லைக்கல்லை ஒவ்வொரு முறை நகர்த்துவதற்கு முன்பும், பழைய வரைபடத்தை சர்வர் தானே ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். கவ்ரிலோ காலை பதினொன்றரை மணி வரைபடத்தைத் தேடி எடுத்தார். என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். எந்த மெஷின் என்று மூன்று முறை கேட்டார். பிறகு கல்லைப் பழைய இடத்திலேயே நட்டார். எதையும் மாற்றாமல் வெறுமனே சோதிக்கும்படி கட்டளை கொடுத்தார். சதவீதம் மெதுவாக நகர ஆரம்பித்தது. எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

"நீ இங்க நில்லு. எதையும் தொடாத" என்றார். கேக் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். வெளியே அவர் குரல் கேட்டது. "என்ன திராகோமிர், ஒரே ஒரு துண்டா? முதுகுக்கு நல்லது, இன்னொண்ணு வைங்க!"

அறுபத்திரண்டு சதவீதம் ஆனபோது விதோசாவா காலித் தட்டுகளுடன் உள்ளே வந்தார். நான் திரையை மூடியிருக்கலாம். பராமரிப்பு என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"டாக்டரம்மா, உங்க கோதுமையை நான் வெட்டிட்டேன். ஆகஸ்டுக்கு அப்புறம் உங்களுக்கு பேக்கப்பும் எடுக்கல. இப்போ திரும்ப ஒட்டியிருக்கு. முழுசா இருக்கான்னு பார்த்துட்டிருக்கோம்."

அவர் தட்டுகளை ஃப்ரீசர் மேல் வைத்தார். உருளைக்கிழங்குக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தார். திரையில் ஓடும் எண்ணைப் பார்த்தார்.

"மார்ச்சுக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு வயல் கிடையாது தெசா" என்றார். "அறைக்கு ஒரு சாவி குடுத்திருக்காங்க, அதையும் திருப்பிக் கேப்பாங்க. அந்த ஒன்பது வருஷம்தான் என்கிட்ட இருக்கறது."

"மன்னிச்சிடுங்க."

"இப்ப கேக்காத. நூறு வரட்டும், அப்புறம் கேளு."

 வெளியே யாரோ பாட ஆரம்பித்து, இரண்டாவது வரி மறந்து நிறுத்தினார்கள். கவ்ரிலோ நடுநடுவே வந்து எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். விதோசாவா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. விதோசாவாவின் கையில் ஒரு கோப்பை காபியை வைத்தார்.

நூறு வந்தது. பிழை: ஒன்றுமில்லை. கவ்ரிலோ கோதுமை மெஷினை எழுப்பி, லேப்டாப்பை விதோசாவா பக்கம் திருப்பினார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முந்தைய நாள் சாயங்காலம் கடைசியாகச் சேமித்த கோப்பைத் திறந்தார். அதற்கு முந்தையதைத் திறந்தார். நாலு வருஷத்துக்கு முந்தையதை, அப்புறம் முதல் வருஷத்தை. நாற்பத்தோராம் பாத்தி, பன்னிரண்டாம் கதிர், ஐம்பத்து மூன்று மணி. விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார்.

"இருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே தினமும் சாயங்காலம் என் அறைக்கு வந்து, பேக்கப் எடுத்தாச்சுன்னு எனக்குக் காட்டிட்டுத்தான் நீ வீட்டுக்குப் போகணும். மழை பெஞ்சாலும் சரி."

"வர்றேன்."

"இப்போ மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, காபிக் கோப்பையோடு வெளியே போனார்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கவ்ரிலோ லேப்டாப்பை மூடாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அந்த 2009 பேக்கப் இருக்குல்ல, தொடாதேன்னு."

"ஆமா."

"அதுல ஒண்ணும் இல்ல."

"என்னது?"

"காலி. முந்நூறும் காலி. ஆபத்துக்குன்னு நான்தான் ஒதுக்கி வெச்சேன். வெள்ளிக்கிழமை அதுலேர்ந்துதான் குடுக்கறதா இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! அழுத கண்ணோடு அப்படியே கத்தினேன். "பதினோரு வருஷம்! பதினோரு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து காபி போட்டுக் குடுக்கறேன்! டைரக்டர்கிட்ட மறைங்க, மண்ணுக்காரங்ககிட்ட மறைங்க, என்கிட்டயுமா?"

"உன்கிட்ட சொல்லியிருந்தா, அவரு கேக்கறப்போ நீ இல்லன்னு சொல்லணும். உனக்குப் பொய் வராது."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. தப்பு. கல்லைத் தப்பா நட்டது நீ. நிலமே இல்லன்னு உன்னை நம்ப வெச்சது நான்." லேப்டாப்பை மூடினார். இந்த முறை எந்தத் தட்டையும் தூக்காமல், வெறுங்கையோடு கதவைத் திறந்தார். 

அவர் முன்னால் போனார், நான் பின்னால். பெரிய அறைக்குள் போனவர், நேராக மேசைக்கு நடந்து, விதோசாவாவுக்குப் பக்கத்தில் நான் விட்டுப்போன காலி நாற்காலியை இழுத்து, உட்கார்ந்துவிட்டார்.

 நெவென்கா கையில் அகப்பையோடு கதவருகே நின்றார்.

"கவ்ரா, எந்திரி. மெழுகுவர்த்தி இன்னும் எரியுது. வீட்டுக்காரரு உக்காரக் கூடாது."

"தெரியும் நெவென்கா. கால் நிக்கல."

 டைரக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் ஸ்லாவா அன்று அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை. விதோசாவா மட்டும் தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி அவருக்கு முழங்கை வைக்க இடம் கொடுத்தார்.

நான் நெவென்காவிடம் போய் அகப்பையை வாங்கினேன். சர்மா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். ஒரு சுத்தமான தட்டைக் கவ்ரிலோ முன் வைத்தேன். தன் ஸ்லாவாவில் அவருக்கு யாரும் பரிமாறியதில்லை. கையை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை வைக்கட்டும்?" என்றேன்.

"ரெண்டு."

ஐந்து வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முள்கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.